பாலத்துக்கு அடியில் நின்றவர்

மேஜர் எதைக் கட்டினாலும் அதன் அடியில் போய் நின்றுவிடுவார். ராணுவத்தில் பாலம் போடும் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். முதல் வண்டி போகும்போது பாலம் கட்டியவன் அதன் கீழே நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கிறுக்கு அவரை விடவில்லை. சுவரில் அலமாரி அடித்தால், சாமான் அடுக்கி முடிக்கும்வரை அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார்.

"கல்யாணமான புதுசுல ஊஞ்சல் மாட்டினாரு," என்பார் அவர் மனைவி. "அடியில படுத்துக்கிட்டு, 'இப்ப உட்காரு'ன்னாரு. எவ உட்காருவா? கடைசியில உட்கார்ந்தேன், பயத்துலயே பாதியா இளைச்சுட்டேன்."

"அந்தப் பாதி எப்பவோ திரும்பி வந்துடுச்சு," என்பார் மேஜர். உடனே ஒரு தலையணை பறந்து வரும்.

வெளியே மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற ஆள், வீட்டுக்குள் வெறும் பஞ்சு. ஒரே மகளுக்குத் தினமும் தலை பின்னிவிட்டது அவர்தான். பாலத்துக் கயிற்றுக்குப் போடும் முடிச்சையே சடையிலும் போட்டுவிடுவார். சாயங்காலம் அதை அவிழ்க்க அம்மாவும் மகளும் மல்லுக்கட்டுவார்கள்.

அந்த மகளைத்தான் உள்ளூர் லாரிக்காரன் ஒருவன் பெண் கேட்டான். 'பார்க்கலாம்' என்று சொன்னதோடு சரி, மேஜர் அப்புறம் வாயே திறக்கவில்லை. லாரிக்காரனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆற்றில் வெள்ளம் வந்து, ஊர்ப் பாலத்தின் நடுப்பகுதியை அள்ளிக்கொண்டு போனது. அக்கரை ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வடிந்ததும் மேஜர் ஊரைத் திரட்டினார். பழைய இரும்புக் கடையிலிருந்து தூலங்கள் வந்தன, மரக்கடையிலிருந்து பலகைகள். மகள் இரும்பின் மேல் உட்கார்ந்து ஸ்பேனரால் போல்ட்டுகளை முடுக்கினாள். ஒருவழியாக உடைந்த இடத்தில் ஒட்டுப் போட்டாகிவிட்டது.

மருந்து ஏற்றிய லாரி வந்து நின்றது. ஓட்டுகிறவன் நம்ம ஆள்தான். மேஜர் சரசரவென்று ஆற்றுக்குள் இறங்கி, சேற்றுத் தண்ணீரில், ஒட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டார்.

"சார், மேல வாங்க! உங்க தலைக்கு மேல எப்படி சார் ஓட்டுறது?"

"சக்கரத்தாலதான்! மெதுவா வா. நடுவுல மட்டும் பிரேக் போடாத. போட்டா மொத்த பாரமும் ஒரே இடத்துல உந்தும்."

லாரிக்காரன் கியரைத் தொடவில்லை. பெண் கேட்ட வீட்டில் அப்பனையே நசுக்கியவன் என்று பெயர் வாங்கவா? மகளைப் பார்த்தான்.

"என்ன பார்க்குறீங்க? போல்ட் முடுக்கினது நான். ஓட்டுங்க."

ஓட்டினான். பலகைகள் முனகின. நடுவில் 'படார்' என்று ஒரு சத்தம். கரையில் நின்றவர்கள் அலறினார்கள். கால் பிரேக்குக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை அடக்கி வைத்தான். முன் சக்கரம் அந்தப் பக்கத்துப் பாலத்தைத் தொட்டது. பின் சக்கரமும் ஏறியது.

வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினான். மேஜர் மீசையெல்லாம் சேறாகக் கரையேறிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தச் சத்தம்..."

"ஒரு பலகை வாய் விட்டுச்சு. தூலம் அசையவே இல்ல. அவ்வளவு சத்தத்துலயும் உன் கால் நான் சொன்னதக் கேட்டுச்சு பாரு, அது போதும். இன்னும் என்ன சாரு? மாமான்னு கூப்பிடு."

விசில் பறந்தது.

"என்னை யாராவது கேட்டீங்களா?" என்றாள் மகள்.

"நீதான் எனக்கு முன்னாடியே 'ஓட்டுங்க'ன்னுட்டியே!"

பிறகு அங்கே புதுப் பாலமே வந்துவிட்டது. பேத்திகளின் சடையிலும் அதே முடிச்சைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேஜர் ஓய்ந்தார். போன மாதம், தூக்கத்திலேயே.

அவருடைய கடைசி வண்டியை மாப்பிள்ளைதான் ஓட்டினார். பாலத்தருகே மகள் நிறுத்தச் சொன்னாள். இறங்கி, விறுவிறுவென்று ஆற்றுக்குள் போனாள்.

"இருடி, நானும் வர்றேன்," என்று பின்னாலேயே இறங்கினார் அம்மா. "அந்த ஊஞ்சல்லயே உட்கார்ந்தவ நான்!"

இருவரும் பாலத்துக்குக் கீழே தோளோடு தோள் நின்றார்கள். மகளின் குரல் மேலே வந்தது:

"நடுவுல பிரேக் போடாதீங்க!"

அழுதுகொண்டிருந்த கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளை பிரேக் போடவில்லை.