திரும்பி நின்ற யாளி

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு போலந்துப் பெரியவர் குடியிருந்தார். மனைவியை இழந்தவர். ஏரிக்கரையில் நாங்கள் இருவரும் நடந்த மாலைகளில் பேச்செல்லாம் கேடயங்களில் பொறிக்கும் மரபுச் சின்னங்களைப் பற்றியதே. இன்றும் அப்பாதையில் என் நடை அவருக்காகச் சற்றுத் தளர்கிறது.

தொலைவில் கேட்டி என்னும் ஊரிலுள்ள மகள் வீட்டோடு சென்றுவிட அவர் முடிவு செய்தபோது, என் மனைவியிடம் ஒன்று கேட்டார். அவருடைய மனைவி தென்போலந்தைச் சேர்ந்தவர். தம் பகுதியின் சின்னமாகிய, பொன்முடி சூடிய வெண்கழுகைச் சிவப்புத் துணியில் தம் கையாலேயே தைத்து வைத்திருந்தார். பெரியவர் பிறந்ததோ வடக்குக் கடலோரத்துப் போமரேனியாவில். பொன்னிறக் கேடயத்தில் ஒரு கரிய விலங்கு அந்நிலத்தின் சின்னம். கழுகின் தலையும் சிறகும், சிங்கத்தின் உடலும் கொண்டது. என் மனைவி அதனை யாளி என்றே அழைத்தாள். புதிய அறையில் அக்கழுகின் அருகே தொங்கவிட ஒரு யாளி வேண்டும் என்பதே அவர் விருப்பம். பூவேலைத் தையலில் தேர்ந்த அவள் மகிழ்ந்து இசைந்தாள்.

அவர் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, தைத்து முடித்த துணியை விரித்துப் பார்த்தேன். கேடயத்தின் வலம் என்பது அதனை ஏந்துபவனின் வலம். கருவறைத் தெய்வத்தின் வலக்கை நமக்கு இடப்புறம் தெரிவதைப் போல. சின்னத்து விலங்குகள் அவ்வலத்தை நோக்குவதே மரபு. எங்கள் யாளி எதிர்ப்புறம் நோக்கி நின்றது.

"ட்ரேஸ் பண்ணின பேப்பரைத் திருப்பிப் போட்டு அழுத்திட்டேன் போலிருக்கு," என்றாள் மனைவி. "தினம் ரெண்டு பேரும் வலம் இடம்னு லெக்சர் அடிச்சீங்களே, என் காதுலயும் ஒரு வார்த்தை போடக் கூடாதா? காலையில ஃப்ளைட். இனிமே எப்பப் பிரிச்சு எப்பத் தைக்கிறது?"

"இப்படியே கொடுத்துவிடுவோம்."

"நீங்களே போய்க் கொடுங்க. நான் வரலை."

ஆயினும் உடன் வந்தாள்.

பெட்டிகளுக்கிடையே நின்று பெரியவர் அத்துணியை நெடுநேரம் நோக்கினார். பிறகு கழுகுத் துணியை எடுத்துச் சுவரோரமாகப் பிடிக்குமாறு என்னிடம் கொடுத்தார். யாளியை அதற்கு இடப்பக்கமாக, எங்கள் கண்ணுக்கு இடப்பக்கமாக, தாமே பிடித்தார். கழுகு யாளியைப் பார்த்தது. யாளி கழுகைப் பார்த்தது.

தம்பதியரின் கேடயங்களை அருகருகே வைக்கும்போது கணவனின் விலங்கை மனைவியின் பக்கம் திருப்புவது மரியாதை என்றார். அதனைச் சொல்லத் தமக்கு மறந்துபோயிற்றாம். வழக்கம்போல் தைத்திருந்தால் தம் யாளி தம் மனைவிக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கும் என்றார்.

"பார்த்தீங்களா?" என்று மனைவி என் காதருகே முணுமுணுத்தாள். "யாளிக்கே தெரியுது. நீங்க என்னிக்காவது அந்த ஐபேடை விட்டு என் பக்கம் திரும்பியிருக்கீங்களா?"

தமிழில் சொன்னது விளங்காமலே பெரியவர் சிரித்தார். பின்னர் இரு துணிகளையும் முகத்தோடு முகம் சேர்த்து மடித்து, கைப்பெட்டிக்குள் வைத்தார்.