ஏரியில் சுவர் இல்லை

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். சென்ற கோடையில் வால்பாறைப் பக்கம் ஒரு மலை ஏரியைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிவிட்டேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த எஸ்டேட் தொழிலாளிப் பெண், "இறங்காதீங்க சார், உள்ள தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், காலு வெறச்சிரும்" என்றார்.

"நாங்கெல்லாம் அறுபதடி கெணத்துல குதிக்கறவங்கம்மா" என்று சிரித்தபடி இறங்கினேன்.

முப்பதடி போவதற்குள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கிணற்றில் நாலு கை போட்டால் சுவரோ படியோ கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தில் கையை நீட்டி நீட்டித் துழாவினேன். எங்கும் தண்ணீர்தான். மூழ்கத் தொடங்கியபோது, அந்தப் பெண் துவைத்த சேலைகள் இரண்டை முடிச்சிட்டு, நுனியில் காலி கேனைக் கட்டி வீசி, என்னைக் கரைக்கு இழுத்தார்.

டீ வாங்கப் போயிருந்த என் மனைவி திரும்பி வந்து, "என்னங்க ஆச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல அம்மணி, சும்மா வெளையாடிட்டு இருந்தேன்."

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சேறான சேலைகளை மறுபடி துவைக்க உட்கார்ந்தார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் எந்தத் தண்ணீரிலும் இறங்குவதில்லை. மனைவி இந்த இதழை ஒரு பக்கம் விடாமல் படிப்பவள். நேரில் சொல்ல வாய் வராததால்தான் இங்கே எழுதுகிறேன்.