தறி நின்ற பிறகும் நிற்காத தலைவலி

ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. ஏழு வயது மகள் நிவேதா தலை வலிக்கிறது என்று அழுதபோது, தறிச் சத்தம்தான் காரணம் என்று நானும் கணவரும் முடிவு கட்டினோம். தறியை நிறுத்திப் பார்த்தும் வலி போகவில்லை. தெருவில் மற்ற வீட்டுத் தறிகளின் சத்தமாக இருக்கும் என்று, அவளைப் போளூரில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம்.

மறுவாரம் அக்கா போன் செய்தாள்.

"இங்க எந்தத் தறிடி ஓடுது? எழுந்ததும் வாந்தி எடுக்கிறா. அப்புறம் நல்லா விளையாடிகினு இருக்கா. ஆனா சுவத்தப் புடிச்சிகினுதான் நடக்கிறா. ஜல்தி வந்து டாக்டராண்ட கூட்டினு போ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டிலும் அவள் அழுததெல்லாம் விடியற்காலையில், தறி ஓடத் தொடங்கும் முன்புதான்.

வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையில் கட்டி. மூளைக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அது அடைத்ததால் தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. படுத்திருக்கும்போது அழுத்தம் கூடுவதால்தான் காலையில் வலியும் வாந்தியும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. "எல்லாப் பிள்ளைக்கும் இப்படி அமையாதும்மா" என்றும் சொன்னார்.

இப்போது தெருவில் யாராவது பிள்ளையின் தலைவலிக்குத் தறியைக் குறை சொன்னால் நான் விடுவதில்லை. "எந்த நேரத்துல வலிக்குது? வாந்தி இருக்கா? நடை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன்.

நிவேதாவுக்கு நடையில் இன்னும் லேசான தள்ளாட்டம் இருக்கிறது. ஓடும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். சில நாள் அங்கேயே தூங்கியும் போகிறாள்.