ஒவ்வொரு இட்லியாகக் கேட்டவர்

மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கல்லூரியின் பொருளாதார வாத்தியார் தினமும் காலையில் வருவார். ஒல்லியான ஆள். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் இருக்கும். மொத்தமாக நாலு இட்லி கேட்கவே மாட்டார். ஒன்றைத் தின்று, கொஞ்சம் யோசித்து, அடுத்ததைக் கேட்பார். நடந்து நடந்து எனக்குத்தான் கால் வலிக்கும்.

ஒருநாள் தி.நகர் துணிக்கடைக்காரர் ஒருவர் மகனோடு வந்து வாத்தியார் எதிரில் உட்கார்ந்தார். பையனுக்கு அவருடைய வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. பீஸ் கட்ட அன்றுதான் கடைசி நாள்.

"இதப் படிச்சா பய கடையப் பாத்துக்கிடுவானா சார்?"

"முதல் வருஷம் கோடு போடுவான். விலை ஏறினா எவ்வளவு வாங்குவாங்கன்னு ஒரு கோடு, எவ்வளவு சரக்கு வரும்னு ஒரு கோடு. வியாபாரம் சொல்லித் தர மாட்டோம்."

"பெறவு?"

"கடையில நிக்கற நேரத்துல வேற என்ன பண்ணியிருக்கலாம்னு யோசிக்கப் பழகுவான். அப்புறமும் கடையில நிப்பானான்னு என்னால சொல்ல முடியாது."

கடைக்காரர் எழுந்தார். "எந்திரில, கடைக்குப் போவோம்."

பையன் எழவில்லை. "பீஸ் கட்டிட்டு வாரேன்பா."

அவர் பணத்தை மகன் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனார். பையன் கல்லூரிப் பக்கம் நடந்தான்.

"அப்பாவுக்கா சார் சொன்னீங்க, பையனுக்கா?" என்று கேட்டேன்.

அவர் காலி இலையைப் பார்த்தார். "இன்னொண்ணு கொண்டா" என்றார்.

அதற்கப்புறம், இந்த நேரத்தில் வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தே எத்தனையோ வேலைகளை விட்டுவிட்டேன். அன்று அவரிடம் நான் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் விடை தெரியவில்லை.