கொடுத்துவிட்ட எட்டு விமானங்கள்

எங்கள் புல்வெளி ஊரான அக்சாயில் போர் விமானம் ஓட்டியவர் ஒருவர்தான். என் சித்தப்பா ஒராஸ்பெக். இப்போது டிராக்டர் நிலையத்தில் எண்ணெய்க் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். இடது கை முழங்கை வரை வெந்து சுருங்கியிருக்கும். அந்தக் கைக்காகக் கிடைத்ததுதான் அவருடைய செந்நட்சத்திர விருது. மற்றவை எல்லாம் படைப்பிரிவில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த பதக்கங்கள். கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் நகரைப் பிடித்ததற்கு ஒன்று, வெற்றிக்கு ஒன்று. சமையல்காரனுக்கும் அதே கிடைத்தது.

அவருடைய அப்பா கழுகு வைத்து நரி வேட்டையாடியவர். வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் யாராவது பார்த்து, "சிரால்கி" என்று சொல்லிவிட்டால் போதும். சேணத்தில் தொங்கும் நரியை அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. கொடுக்காதவனின் கழுகு அதற்குப் பிறகு எதையும் பிடிக்காது என்பார்கள். கொடுத்ததைப் பற்றிப் பிறகு பேசுவது கொடுக்காமல் இருப்பதைவிடக் கேவலம்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்தபோது சித்தப்பா கேப்டன் வெரெசோவுக்குத் துணை விமானியாகப் போனார். முன்னால் பறப்பவர் சுடுவார். துணை விமானி அவருடைய முதுகைக் காக்க வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது சித்தப்பா இந்த வேட்டை வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். வெரெசோவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அடுத்த வாரம் வெரெசோவின் பின்னால் வந்த ஜெர்மன் விமானம் ஒன்றைச் சித்தப்பா சுட்டு வீழ்த்தினார். இறங்கியதும் வெரெசோவ் ஓடி வந்து தோளைத் தட்டி, சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எடுத்துக்கங்க, கேப்டன்" என்றார் சித்தப்பா.

வெரெசோவ் முதலில் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் பதிவு செய்யும் அதிகாரி "யார் சுட்டது?" என்று கேட்டபோது சித்தப்பாவே "கேப்டன்" என்றார். அதற்குப் பிறகு வெரெசோவ் விளையாட்டாகக் கேட்கவில்லை. போர் முடிவதற்குள் அப்படி எட்டு. சித்தப்பா தனியாகப் பறந்து சுட்ட இரண்டு மட்டும் அவர் பெயரில் இருக்கின்றன. வெரெசோவ் நாட்டின் மிகப் பெரிய வீர விருதான தங்க நட்சத்திரம் வாங்கினார்.

கல்யாணமான புதிதில் இதைச் சித்தியிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தடவைதான். குல்யாஷ் சித்தி பல வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் கடை வரிசையில் பண்ணைத் தலைவரின் மனைவி, "உன் புருஷனோட தகரப் பதக்கத்தைப் பளபளன்னு தேய்ச்சு வெக்கறியாமே" என்றபோது பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து ஊரில் சித்தப்பாவின் பெயர் "எட்டு".

"என்ன எட்டு அண்ணே, மழை வரும் போல. மேல போய் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்" என்பான் டிராக்டர் ஓட்டும் துய்சென். சித்தப்பா எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்.

போர் முடிந்த இருபதாம் ஆண்டு விழாவுக்கு வெரெசோவ் எங்கள் மாவட்டத்துக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பழைய துணை விமானியின் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று அவரே கேட்டாராம். சித்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருந்த நல்ல ஆட்டை அறுக்கச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் கேக்க வேணாம். அவரா சொல்லுவாரு. ஊரே உக்காந்திருக்கறப்ப சொல்லட்டும், எனக்கு அது போதும்" என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

"சொல்லலேன்னா?"

"மனுஷன்தானே. சொல்லுவாரு."

வெரெசோவ் கர்னலாக ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், உரக்கச் சிரிப்பார். சித்தப்பாவை இறுகக் கட்டிக்கொண்டு அழக்கூடச் செய்தார். கட்சிச் செயலாளர், பெரியவர்கள், துய்சென் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவர்களுக்கு ரஷ்ய மொழி தெரியாது. பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். முதல் விருந்தாளிக்கு உரிய ஆட்டுத் தலையை வெரெசோவின் முன்னால் வைத்தார்கள்.

துய்சென் என் பக்கம் சாய்ந்தான். "கர்னலைக் கேளு டீச்சர். எங்க ஒராஸ்பெக் அண்ணன் எத்தனை சுட்டாரு?"

கேட்டேன். வெரெசோவ் விரல்களில் இருந்த கொழுப்பைத் துண்டில் துடைத்தார். "ரெண்டு. ஆனா இவன் இல்லேன்னா நான் இன்னிக்கு இங்க உக்காந்து தின்னுக்கிட்டிருக்க மாட்டேன்."

மொழிபெயர்த்தேன். சித்தி தேநீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அந்த எட்டைக் கேளுடி. இவர் அவருக்குக் குடுத்த எட்டு" என்றாள்.

அதையும் கேட்டேன்.

"குடுத்ததா?" வெரெசோவ் சிரித்தார். "விமானம் என்ன நரியாம்மா, அவுத்துக் குடுக்க?" பிறகு சித்தப்பாவின் தோளில் கை போட்டார். "நீயே சொல்லு தம்பி. உங்கிட்டேர்ந்து நான் ஏதாவது வாங்கினேனா?"

சித்தப்பா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் புரியட்டும் என்று எங்கள் மொழியிலேயே சொன்னார். "இல்ல. அவர் சுட்டது அவர் சுட்டதுதான்."

நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. துய்சென் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். செயலாளர், "நம்ம ஆளு ரொம்ப அடக்கமானவரு" என்று கோப்பையைத் தூக்கினார். விடைபெறும்போது விருந்தாளிக்கு அங்கி போர்த்த வேண்டுமே. சித்தப்பா தன்னுடைய புதிய அங்கியைப் போர்த்தி அனுப்பினார்.

எல்லோரும் போன பிறகு சித்தி எச்சில் எலும்புகளை வழித்துக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அவன் பொய் சொன்னான். அவன் அந்நியன், போகட்டும். நீ ஏன் சொன்னே?"

"குடுத்ததைப் பேசக் கூடாது குல்யாஷ். நம்ம வீட்டுல சோறு தின்னுக்கிட்டிருந்தாரு."

"எட்டு விமானத்தைக் குடுத்தே, அது உன்னோடது. இன்னிக்கு யாரோடதை எடுத்துக் குடுத்தே? நாளைக்குக் கடையில பொய்க்காரின்னு என்னைத்தானே சொல்லுவாங்க?"



அப்படித்தான் சொன்னார்கள். "எட்டு" என்ற பெயர் இப்போது அவளுக்கு. குழந்தைகள்கூடக் கூப்பிடுகிறார்கள். சித்தப்பாவை யாரும் கேலி செய்வதில்லை. அடக்கமானவர் என்று மரியாதையாகவே பேசுகிறார்கள். இந்த வசந்தத்தில் எங்கள் பள்ளிக்கு வெரெசோவின் பெயரை வைத்தார்கள். சித்தப்பா பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து, சிவப்பு நாடாவின் பக்கத்தில் நின்றார். சித்தி வரவில்லை.

அவள் ரொட்டி வாங்க இப்போது அடுத்த ஊர்க் கடைக்கு நடந்து போகிறாள். கிடங்குக்கு எண்ணெய் ஏற்றிவரும் சித்தப்பாவின் வண்டி அந்த வழியாகத்தான் போகும். அவர் நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொல்கிறார். அவள் பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கி, வண்டி போகட்டும் என்று நிற்கிறாள்.