வெயிலில் அடித்த மழை மணி

வெள்ளைக்காரர்கள் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நடந்தது இது. எனக்குப் பத்துப் பதினோரு வயது. அப்பா மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், துரை பங்களாவில் சமையல். அம்மா மாரமங்கலத்து மலைக்காரி. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லைனில் என்னை 'பங்களாப் புள்ள' என்பார்கள். அம்மா ஊரில் 'கீழ்நாட்டுப் புள்ள'. பங்களாவிலோ எனக்குப் பின்வாசல்தான். எங்கே போனாலும் அரை ஆள்.

ஆனாலும் எனக்கு இரண்டு தோழிகள் இருந்தார்கள். ஒருத்தி துரை மகள். இன்னொருத்தி லைனில் இருந்த, காப்பிப் பழம் பறிக்கிறவரின் மகள். செடிகளுக்குள் மறைந்து உட்கார்ந்தால் பேச்செல்லாம் தமிழ்தான். துரை மகள் அச்சு அசலாக எங்களைப் போலவே பேசுவாள். அது துரைசானிக்குத் தெரியக் கூடாது. வேலைக்காரர் பேச்சு நாக்கில் ஒட்டினால் கப்பலேற்றிச் சீமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று அந்த அம்மா மகளை மிரட்டி வைத்திருந்தார். நாங்கள் மூச்சு விடவில்லை.

காப்பி காய்கிற களத்தோரம் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையும் சாயங்காலமும் வேலைக்கு அடிப்பார்கள். நடுவில் அடித்தால் மழை வருகிறது என்று அர்த்தம். காய்கிற காப்பியை அள்ளி மூட, போட்டது போட்டபடி எல்லோரும் களத்துக்கு ஓடிவர வேண்டும். அன்று மத்தியானம் பளிச்சென்று வெயில். விளையாட்டுப் புத்தியில் துரை மகள் சுத்தியலை எடுத்துப் படபடவென்று அடித்துவிட்டாள். லைன் தோழி பதறிப்போய் அதைப் பிடுங்கினாள். ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி வந்து பார்க்கும்போது சுத்தியல் அவள் கையில்.

சரிவெல்லாம் ஜனம் ஓடிவந்தது. கூடைகள் கவிழ்ந்தன. ஓர் அம்மாளுக்கு வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது. மேஸ்திரி தோழியின் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னிக்கே லைன் ஊட்டைக் காலி பண்ணிட்டு நடையக் கட்டுங்க!"

துரையும் கணக்கெழுதும் ரைட்டரும் என் அப்பாவும் சேலம் போயிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்த துரைசானிக்குத் தமிழ் வராது. பங்களாப் பின்வாசலில் கேட்டுக் கேட்டு எனக்கு இங்கிலீஷ் வரும். யார் அடித்தது என்று கேட்டுச் சொல்லச் சொன்னார் என்னிடம். உள்ளதைச் சொன்னால் அப்பா வேலை போய்விடும். சும்மா இருந்தால் தோழி குடும்பம் எங்கே போகும்? அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்ததச் சொல்லு கண்ணு. நாங்க எங்க சாமி போவோம்?"

எல்லார் பேச்சும் தெரிந்த நான் அவரையும் துரைசானியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நாந்தானுங்க அடிச்சேன். அவ மேல தப்பில்லீங்க. நொம்பத் தப்புப் பண்ணிட்டேனுங்க."

சொன்னது துரை மகள். அம்மாவிடம் இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். மேஸ்திரிக்கும் கூடியிருந்தவர்களுக்கும் புரிய வேண்டும் என்றே தமிழில் சொன்னாள். போச்சு, இவள் கப்பலேறினாள் என்று நினைத்தேன். துரைசானி முகம் சிவந்துபோய், அவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன்.

தோழி குடும்பம் லைனிலேயே இருந்தது. அப்பா வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காப்பி சீசன் முடியுமுன்னே துரை மகளைச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நாங்கள் அவளைப் பார்க்கவே இல்லை.

நீ எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால் இந்த வயதிலும் எனக்குத் தடுமாற்றம்தான். ஆனால் எங்கள் பேச்சைப் பேசியதற்காகவே எங்களைவிட்டுப் போனாளே, அவள் எங்கள் ஊர்க்காரி என்பதில் மட்டும் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.