பம்பர் அக்காவும் இளைத்துப்போன எடைக்கல்லும்

காடுமேடு ஏறும் வண்டிக்கு முன்பக்க பம்பர் தேர்ந்தெடுப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கடினமான காரியம். மாப்பிள்ளை பாறையில் மோதினால் யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை. இந்தப் பெரும் பொறுப்பை எங்கள் தெருவில் சுமப்பவர் பம்பர் அக்கா.

சந்தேகமிருந்தால் அவர் கடைக்குப் போய், “பாக்க மிரட்டலா ஒரு பம்பர் குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள்.

“யாரை மிரட்டணும்? பாறையையா, மாமனாரையா?” என்பார்.

பாறை என்றால் உள்ளே வரலாம். மாமனார் என்றால் எதிர்க்கடை. அங்கே கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் பல்லைக் காட்டும் பம்பர்களும் உண்டு.

அக்காவோ முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, எங்கெங்கே உரசியிருக்கிறது என்று பார்ப்பார். சக்கரத்தைத் தாண்டி பம்பர் எவ்வளவு நீளும், ரேடியேட்டருக்குக் காற்று போகுமா என்று யோசிப்பார். பிறகுதான் உச்சக்கட்டம். “என்னங்க, வந்து உக்காருங்க!”

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் வருவார். கடையின் கனத்த இரும்பு பம்பரும் அவரும் ஒரே எடை. கல்யாணமான புதிதில் அவரைத் தராசில் ஏற்றி அக்கா செய்த கண்டுபிடிப்பு இது. அச்சடித்த எடையைப் படித்து எந்த வாடிக்கையாளரும் திருந்தியதில்லை. ஒரு முழு மனிதர் பானெட் முனையில் உட்கார்ந்து வண்டி மூக்கைத் தாழ்த்தும்போதுதான் புத்தி வரும். அப்போதும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அக்காவின் நாலு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்த பம்பர் கிடையாது. தெருவே அவருக்கு எடைக்கல் என்று பெயர் வைத்தது. அவரும் அதைப் பட்டமாக ஏற்று, இஸ்திரி போட்ட சட்டையோடுதான் பானெட் ஏறுவார்.

ஒருநாள் மலை ஆஸ்பத்திரி ஜீப் வந்தது.

“அக்கா, போன மழையில பம்பர், லைட்டு எல்லாம் போச்சு. அப்ப உள்ள பிரசவ வலியில ஒரு பொண்ணு. மலையிலேர்ந்து எப்படி இறக்கினேன்னு எனக்கே தெரியல. லைட்டு மாத்தியாச்சு, பம்பர்தான் பாக்கி” என்றார் டிரைவர். “இது சரியா அமைஞ்சா மத்த ஜீப்பும் இங்கதான் வரும். இல்லன்னா மேலிடத்துல எதிர்க்கடையத்தான் சொல்றாங்க.”

எடைக்கல் ஏறி உட்கார்ந்தார். நாலு விரலும் தாராளமாக நுழைந்தன. கனத்த பம்பரையே வண்டி தாங்கும் என்று தீர்ப்பு சொல்லி, மாட்டியும் ஆயிற்று. ஒப்புக்கு மறுபடி விரலை நுழைத்தார் அக்கா. மூன்றுதான் போயிற்று.

அக்கா ஜீப்பைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“என்னங்க, இளைச்சிட்டீங்களா?”

எடைக்கல் முகத்தில் ஈயாடவில்லை. “டாக்டர் சொன்னாரேன்னு காலையில கொஞ்சம் நடக்கறேன்…”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவியோன்னுதான்.”

டிரைவர் சிரித்துவிட்டார். “விடுங்கக்கா, ஒரு விரல்தானே? யாருக்குத் தெரியப்போகுது?”

“பாறைக்குத் தெரியும். மூக்கு தாழ்ந்தா லைட்டு தரையப் பாக்கும், திருப்பத்துல டயர் உரசும். உள்ள படுத்திருக்கறவ என் தங்கச்சியா இருந்தா நான் விடுவேனா? கழட்டறேன்.”

மாட்டிய பம்பரை அக்கா கழற்றியதாகச் சரித்திரமே கிடையாது. எதிர்க்கடைக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

“என்னம்மா, எடைக்கல்லு ஏமாத்திடுச்சா?”

“ஏமாத்தலண்ணே. என்னைக் கேக்காம நல்லாயிட்டாரு.”

தெரு பார்க்க வீட்டுக்காரரைத் தராசில் ஏற்றினார். அந்த எடைக்குக் கச்சிதமாக ஒரு குழாய் பம்பர் பின்கட்டில் இருந்தது. மாட்டினார். நாலு விரலும் போயின.

“போன தடவ எதிர்க்கடையில, மூக்கு தொங்குதுங்கன்னு சொன்னேன். கம்பீரமா இருக்குன்னு அனுப்பி வெச்சாங்க” என்றார் டிரைவர், அந்தக் கடைக்காரர் காதுபடவே. “மாட்டினதைக் கழட்டற கடைய இன்னிக்குத்தான் பாக்கறேன். மத்த ஜீப்பையும் ஓட்டிட்டு வரச் சொல்றேங்க்கா.”

ஜீப் திரும்பியபோது அதன் விளக்குகள் தரையைப் பார்க்கவில்லை; நேராக எதிர்க்கடைக் கண்ணாடியைப் பார்த்தன.

“அப்போ என் வேலை?” என்றார் எடைக்கல், ஈனசுரத்தில்.

“அப்படியேதான் இருக்கு. கனத்த பம்பருக்கு மணல் மூட்டை, குழாய் பம்பருக்கு நீங்க. தாராளமா நடங்க. ஆனா இளைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டு இளைங்க.”

மாலையே மணல் மூட்டை வந்து இறங்கியது. எடைக்கல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“எடை சரியா இருக்கலாம்” என்றார், சட்டைக் காலரை நீவிக்கொண்டு. “ஆனா உக்கார்ற தோரணை வராது.”